ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறவர்

கோலார் தங்கவயலிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றிருக்கிறார், சரி. கடிதம் நாலு பக்கம் இருந்தது, சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 33 வயது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சப்போர்ட் டீமில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். கடைசி ஐந்து வருடமாக ஒரே பதவி. நான் வேலை சொல்லிக்கொடுத்த மூன்று பேரில் இரண்டு பேர் இப்போது எனக்கு மேலே. காலை 5.45-க்கு வீட்டை விட்டுக் கிளம்பி மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்தால் 8.15-க்கு ஆபீஸ். சாயங்காலம் 6.10-க்கு எழுந்தால்தான் ரயில், வீடு சேர ஒன்பது மணி. முன்பு காடுகோடியில் ரூம் இருந்தது, கொரோனாவில் ஊருக்கு வந்தவன் அப்படியே இருந்துவிட்டேன். அப்பா சுரங்கத்தில் பாறை துளைக்கிற வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடியபோது வேலை போனது. இப்போது சிலிகோசிஸ் (பாறைத் தூசியால் வரும் நுரையீரல் நோய்), ராத்திரியில்தான் மூச்சுத் திணறல் அதிகம். தங்கை பி.காம். முடித்துவிட்டு மூன்று வருடமாக வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள், கல்யாணம் ஆகிற வரை வீட்டிலேயே இருக்கட்டும் என்பது அம்மாவின் எண்ணம். இந்த வருட அப்ரைசலில் 'விசிபிலிட்டி போதாது, ஓனர்ஷிப் இல்லை' என்று மேனேஜர் எழுதியிருக்கிறார். டீம் டின்னருக்கு நான் போனதே இல்லை. சிபாரிசு செய்யவும் எனக்கு ஆள் கிடையாது. வேறு கம்பெனி இன்டர்வியூவில் 'ஃபேமிலி பேக்ரவுண்ட் சொல்லுங்க' என்றால் அப்பா ரிட்டயர்ட் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். எனக்குத் திறமை இல்லையா, இல்லை வீடுதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறதா? மறுபடி பெங்களூரில் ரூம் எடுத்துப் போய்விடட்டுமா? அப்பா விஷயத்தை மேனேஜரிடம் சொல்லலாமா?"

தம்பி, திறமைக் கேள்விக்கு உங்கள் கடிதமே பதில் சொல்லிவிட்டது. நீங்கள் சொல்லிக்கொடுத்த இரண்டு பேர் மேலே போயிருக்கிறார்கள் என்றால் நீங்கள் சொல்லிக்கொடுத்த வேலை சரியான வேலைதான். திறமை இல்லாதவரிடம் எந்த மேனேஜரும் ஒன்பது வருடமாகப் புது ஆட்களை ஒப்படைத்துக்கொண்டிருக்க மாட்டார். அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள், மற்ற விஷயங்களுக்கு வருவோம்.

பெங்களூர் கம்பெனிகளில் இருபத்திரண்டு வருடம் மனிதவளத் துறையில் இருந்துவிட்டு வந்தவள் நான். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிற அறையில் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு ஒருவர் பெயரை அடிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு பெயரைச் சொன்னதும் மேசையைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு காட்சி ஞாபகம் வர வேண்டும், அவ்வளவுதான் அங்கே நடக்கிறது. "அன்றைக்கு சர்வர் விழுந்தப்போ ராத்திரி எட்டு மணி வரை கூடவே இருந்தானே" என்று ஒருவர் ஆரம்பிப்பார், இன்னொருவர் தலையாட்டுவார், முடிந்தது. காலை எட்டே காலுக்கு வந்து, மற்றவர்கள் பத்து மணிக்கு காபி கோப்பையோடு உள்ளே வருவதற்குள் ராத்திரி விழுந்த டிக்கெட்டுகளில், அதாவது வாடிக்கையாளர் புகார்களில், பாதியை முடித்துவைக்கிறவரைப் பற்றிச் சொல்ல அங்கே யாரிடமும் கதை இருக்காது, ஏனென்றால் அப்போது பார்க்க யாரும் இல்லை. உங்கள் மேனேஜர் எழுதிய விசிபிலிட்டி என்ற சொல்லுக்கு அர்த்தம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. சீனாவில் ஒரு பெரிய பயண நிறுவனத்தின் கால் சென்டரில் 2010-11-ல் ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் அவருடன் இருந்தவர்களும் ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். விருப்பம் சொன்னவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையில் இருந்தவர்களுக்கு வாரம் நாலு நாள் வீட்டிலிருந்து வேலை, மற்றவர்களுக்கு ஆபீஸ். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் அதே அளவு நன்றாக வேலை செய்த ஆபீஸ்காரர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பது குறைந்திருந்தது. கண்ணில் படாதவருடைய வேலை எவ்வளவு கூடினாலும் கணக்கில் ஏறுவதில்லை. நீங்கள் ஆபீசில்தான் இருக்கிறீர்கள், ஆனால் மேலே இருப்பவர்கள் பார்க்கிற நேரத்தில் இல்லை.

சரி, என்ன செய்வது? சாயங்காலத்தை உங்களால் தர முடியாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசுவதையும் நிறுத்துங்கள், கடிதம் முழுக்க அந்தக் குரல்தான் கேட்டது. உங்களிடம் இருப்பது காலை. அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். ராத்திரி விழுந்த பிரச்சினைகளைக் காலை 8.15-லிருந்து 10 வரை முழுப் பொறுப்பில் நான் எடுத்துக்கொள்கிறேன், பத்து மணிக்கு டீமுக்கு நிலவரம் சொல்கிறேன் என்று மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் இப்போதே செய்துகொண்டிருக்கிற வேலைதான் இது, பெயர் மட்டும்தான் இல்லை. அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் ஐந்தே வரியில் ஒரு மெயில்: இந்த வாரம் என்ன விழுந்தது, எதைச் சரிசெய்தேன், யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தேன், அடுத்த வாரம் எங்கே சிக்கல் வரலாம். தற்பெருமை மாதிரி இருக்குமே என்று உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். நம் வீடுகளில் செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் வளர்த்திருக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்த அறையில் உங்களுக்காகப் பேச வேண்டியவர் உங்கள் மேனேஜர், அவர் கையில் பேசுவதற்கு ஏதாவது வேண்டும். நாலு மாதம் அனுப்புங்கள், அடுத்த அப்ரைசலில் அவர் அந்த மெயில்களிலிருந்தே வரிகளை எடுத்து எழுதுவார். நான் இதைப் பார்த்திருக்கிறேன்.

இதோடு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கேளுங்கள். கால் சென்டர் சோதனையைப் படித்த பிறகு வீட்டு வேலை என்றாலே பயம் வரலாம். ஆனால் அது வாரம் நாலு நாள். அதே நிறுவனத்தில் பிறகு ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் வாரம் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ் என்று சோதித்துப் பார்த்தார்கள். 2024-ல் முடிவு வெளிவந்தது. இந்த முறை பதவி உயர்வில் வித்தியாசமே இல்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். உங்கள் மேனேஜருக்குப் புரிகிற பாஷை இது. மூன்று மாதம் சோதனையாகச் செய்து பார்ப்போம், நான் முடிக்கிற டிக்கெட் எண்ணிக்கை குறைந்தால் நானே திரும்ப ஐந்து நாளும் வருகிறேன் என்று தேதி போட்டுக் கேளுங்கள்.

அப்பா விஷயத்தைச் சொல்லலாமா என்றால், சொல்லுங்கள். அளவாகச் சொல்லுங்கள். "என் அப்பாவுக்கு நுரையீரல் நோய், ராத்திரியில் பார்த்துக்கொள்வது நான்தான், அதனால் 6.10-க்குக் கிளம்பிப் பிடிக்கிற ரயிலை விட முடியாது, அதற்கு மாற்றாகக் காலையில் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறேன்", இவ்வளவு போதும். இத்தனை வருடமாகக் காரணம் தெரியாமல் 6.10-க்குக் கிளம்புகிறவரைப் பார்ப்பவர்கள் தாங்களே ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்வார்கள், அநேகமாக அது "இவனுக்கு ஆர்வம் இல்லை" என்பதாகத்தான் இருக்கும். முழுக் கதையையும், நான் சுருக்கியதில் விட்டுப்போன கடன்களையும், அம்மாவின் முழங்கால் வலியையும் அங்கே இறக்கிவைக்க வேண்டாம். இரக்கப்படுகிற மேனேஜர் பல சமயம் நல்லதென்று நினைத்துக்கொண்டே பெரிய வேலைகளை உங்கள் பக்கம் வராமல் தள்ளிவிடுவார். "பாவம், அவருக்கு வீட்டில் கஷ்டம்" என்று அன்போடு ஒதுக்கப்பட்ட பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆண்களையும் கொஞ்சம்.

இன்டர்வியூவில் கேட்கிற 'ஃபேமிலி பேக்ரவுண்ட்' பற்றி நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் அந்தக் கேள்வியை நானும் பல வருடம் கேட்டவள். எதிரில் இருப்பவர் கூச்சம் விட்டுப் பேசட்டும் என்பதற்காகக் கேட்கிறோம் என்றுதான் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். ஒரு நாள் ஒரு பெண், நன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், அப்பா என்ன செய்கிறார் என்று நான் கேட்டதும் சட்டென்று ஒடுங்கிப்போனார். கார்ப்பரேஷனில், என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அன்று அவரால் சரியாகப் பேச முடியவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. அந்த மௌனத்துக்கு நான்தான் காரணம் என்று எனக்குப் புரிய இன்னும் சில வருடம் ஆனது. டெல்லியில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய கம்பெனிகளின் மனிதவள அதிகாரிகளிடம் பேசி 2007-ல் எழுதினார்கள்: தகுதிதான் எல்லாம் என்று சொன்ன அதே அதிகாரிகள் குடும்பப் பின்னணியையும் முக்கியமாகப் பார்த்தார்கள், அது தகுதிக்கு முரண் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. அதே வருடம் வெளிவந்த இன்னொரு ஆய்வில் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும், ஒரே மாதிரித் தகுதிகளோடு பெயரை மட்டும் மாற்றித் தனியார் வேலைகளுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் இருந்த விண்ணப்பங்களுக்கு மேல்சாதி இந்துப் பெயர்களை விடக் குறைவாகவே அழைப்பு வந்தது. ஆக, அந்தக் கேள்வி வரும்போது உங்களுக்குள் ஏற்படுகிற இறுக்கம் உங்கள் தாழ்வு மனப்பான்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நீங்கள் உலகத்தைச் சரியாகப் படித்திருப்பதன் அடையாளம்.

பதிலை மட்டும் முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல விருப்பம் இல்லையென்றால் "நாங்கள் தங்கவயல், அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், நான் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி" என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் உங்கள் வேலைக்குப் பேச்சைத் திருப்புங்கள். சொல்ல விருப்பம் என்றால் முழுதாகவே சொல்லுங்கள். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சுரங்கத்தில் பாறை துளைத்தவரின் மகன் நீங்கள். எதைச் சொல்வது என்பது உங்கள் முடிவு, கேட்கிறவருக்கு அதில் உரிமை எதுவும் கிடையாது.

சிபாரிசுக்கு ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு மாரிக்குப்பம் ரயில்தான் ஞாபகம் வந்தது. சுரங்கம் மூடிய பிறகு ஒரு ஊரே விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து ராத்திரி திரும்புகிறது, இருபத்தைந்து வருடமாக. அந்தப் பெட்டியில் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர், வங்கியில் இருப்பவர், ஒயிட்ஃபீல்டு கம்பெனிகளில் இருப்பவர்கள் எல்லோரும் இருப்பார்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-லேயே எழுதினார்: வேலை பற்றிய புதுச் செய்தி நெருங்கிய நண்பர்களை விட, அரைகுறையாகத் தெரிந்தவர்கள் மூலமாகவே அதிகம் வருகிறது. காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். டீம் டின்னரில் நீங்கள் விட்டது அந்த மாதிரித் தொடர்புகளைத்தான், ஆனால் தினமும் நாலு மணி நேரம் அதைவிடப் பெரிய கூட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். தூங்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும், தூங்குங்கள், வாரத்தில் ஒரு நாள் மட்டும் பக்கத்துப் பெட்டிக்குப் போய் உட்காருங்கள். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எங்கே காலை ஷிஃப்ட் இருக்கிறது, எந்த மேனேஜர் ஐந்தரைக்கு ஆட்களை விடுகிறார் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். காலையிலேயே தொடங்கி மதியத்தோடு முடிகிற ஷிஃப்ட்டுள்ள சப்போர்ட் வேலை ஒன்று கிடைத்தால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே போய்விடும். ஒன்பது வருடம் ஒரே இடத்தில் இருந்தவர் வெளியே தேடிப் பார்ப்பதில் துரோகம் எதுவும் இல்லை.

ரூம் எடுக்கிற கேள்விக்கு முன்னால் உங்கள் தங்கையைப் பற்றிப் பேச வேண்டும். நாலு பக்கக் கடிதத்தில் அவருக்கு ஒரே ஒரு வரி. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, நம் வீடுகளில் அப்படித்தான் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஐந்து வருடமாகப் பதவி உயர்வு இல்லையே என்று நீங்கள் கலங்குகிறீர்கள், அவருக்கு மூன்று வருடமாக வேலையே இல்லை. உங்களைப் பிடித்து வைத்திருக்கிற அதே வீடுதான் அவரையும் பிடித்து வைத்திருக்கிறது, உங்களை விட இறுக்கமாக. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று வந்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்வது அந்தக் கணக்கில் வேறு தலைப்பு, இதற்கு மேல். 2023-ல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான்: எந்த நேரமும் கூப்பிட்டால் வருகிறவருக்குச் சில வேலைகள் அளவுக்கு மீறிக் கொடுக்கின்றன, வீட்டில் ஒருவர் அப்படிப் போவதற்காக இன்னொருவர் தன் வேலையைச் சுருக்கிக்கொள்கிறார், பெரும்பாலும் அது பெண். உங்கள் வீட்டில் நீங்களும் முழுசாகப் போகவில்லை, அவரும் போகவில்லை, ஒரு சம்பளத்தில் நாலு பேர்.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்பாவுக்கு மூச்சுத் திணறல் ராத்திரியில்தான் அதிகம் என்று. ராத்திரியில் நீங்கள் இருக்கிறீர்கள். பகலில் வாரம் இரண்டு நாள் நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்தால் மிச்சம் மூன்று வேலை நாள், அதிலும் அம்மா கூடவே இருக்கிறார், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பக்கத்து வீடு கூப்பிடு தூரம். டாக்டரிடம் ஒரு முறை நேராகக் கேளுங்கள்: பகலில் கூட இருப்பவர் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் உடனே அழைத்துப் போக வேண்டும்? தங்கை அந்த வீட்டில் முழு நாளும் இருந்தாக வேண்டிய கட்டாயம் உண்மையில் எவ்வளவு என்பதை நீங்கள் மூவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். முக்கியமாக அவரும் அந்தப் பேச்சில் இருக்கட்டும், அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் அவரைக் கேளுங்கள்.

பி.காம். படித்தவருக்கு ராபர்ட்சன்பேட்டையிலோ பங்காரப்பேட்டையிலோ ஆடிட்டர் ஆபீஸ் கிடைக்கலாம். பெங்களூர் பக்கம் வர வேண்டியிருந்தாலும் 2023 ஜூனிலிருந்து கர்நாடகப் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்களில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. இன்னொரு விஷயம், பலர் யோசிக்காதது: அவருடைய மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, வேலை செய்யும் இடம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) வரம்புக்குள் வந்தால், அவரைச் சார்ந்திருக்கிற பெற்றோருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. பெற்றோரின் சொந்த வருமானத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது, சில உயர் சிகிச்சைகளுக்குக் குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்கவும் வேண்டும், அதையெல்லாம் விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்பதையும் கையோடு கேளுங்கள். தங்கையின் முதல் சம்பளம் பன்னிரண்டாயிரமாகவே இருக்கட்டும், அப்பாவின் மருந்துச் செலவு உங்கள் ஒருவர் தலையிலிருந்து இறங்குகிறது. அப்போதுதான் உங்களால் ஒரு புது வேலைக்குத் துணிந்து மாற முடியும், மாறிய இடம் சரியில்லையென்றால் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கவும் முடியும். நீங்கள் ஐந்து வருடமாக அசையாமல் இருப்பதற்குப் பயம் ஒரு காரணம் என்று கடிதத்தில் தெரிகிறது. ஒற்றைச் சம்பளத்தில் வாழ்கிற எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பயம் நியாயமானது.

அம்மா ஒத்துக்கொள்வது கஷ்டம்தான். "வேலைக்குப் போகிற பெண்ணுக்கு நல்ல வரன் வரும்" என்று சொல்லிச் சம்மதம் வாங்குகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள், நாளைக்குக் கல்யாணம் முடிந்ததும் வேலையை விடச் சொல்ல அதுவே காரணமாகிவிடும். அப்பாவிடம் பேசிப் பாருங்கள். நாற்பது வயதுக்கு முன்னும் பின்னுமாக ஒரே நாளில் வேலையை இழந்த தலைமுறை அவர்களுடையது, ஒரு வீட்டில் ஒரே ஒருவர் சம்பாதிப்பதன் ஆபத்தை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரூம் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் போய்விட்டால் ராத்திரிப் பொறுப்பும் தங்கை தலையில் விழும், அதோடு அவர் வெளியே போகிற பேச்சே முடிந்துவிடும். உங்கள் கம்பெனி இரண்டு நாள் கேட்டதற்கு முடியாது என்று சொல்லி, வெளியேயும் ஆறு மாதம் தேடி எதுவும் அமையவில்லையென்றால் அப்போது திரும்ப யோசிப்போம், தேவைப்பட்டால் குடும்பத்தோடு காடுகோடி பக்கம் வருவதையும் சேர்த்து.

இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். மேனேஜருக்கு அனுப்ப வேண்டிய மெயிலை எழுதி, அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை காட்டுங்கள், எங்கெல்லாம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள் என்று பார்த்து வெட்டித் தருகிறேன். அப்புறம் உங்கள் தங்கையையும் எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். எத்தனை பக்கம் இருந்தாலும் பரவாயில்லை.